சாண்ட்ஹர்ஸ்டா, டார்ட்மவுத்தா, கிரான்வெல்லா? பிரிட்டிஷ் படையில் அதிகாரியாக நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"அதிகாரியாகப் படையில் சேர ஆசை. தரைப்படையா, கடற்படையா, விமானப்படையா? இப்போதே போவதா, டிகிரியை முடித்துவிட்டா?" பிரிட்டனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. சில சமயம் அவர்களுடைய அம்மாவோ அப்பாவோ எழுதுகிறார்கள். கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். மூன்று படைகளின் இணையதளங்களையும் அலசிவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் அந்தத் தளங்கள் பயிற்சியைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன. பயிற்சி ஓராண்டில் முடிந்துவிடும், அதன் பிறகு செய்யப்போகும் வேலைதான் வாழ்க்கை.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றே. சாண்ட்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், கிரான்வெல் என்ற பயிற்சிக் கல்லூரிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதிகாரி ஆன பிறகு வரும் முதல் மூன்று ஆண்டுகளைப் பாருங்கள்: யாருடன் இருப்பீர்கள், எங்கே தூங்குவீர்கள், எத்தனை மாதம் வீட்டைப் பிரிந்திருப்பீர்கள், உங்கள் ஒரு முடிவு யாரைப் பாதிக்கும். இந்தத் தேடலே, ஒவ்வொரு படையிலும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்துக்கான பாதித் தயாரிப்பு. மூன்று வாரியங்களும் நேர்காணலில் சுற்றிச் சுற்றி வந்து கேட்பது, ஏன் இந்தப் படை, ஏன் அதிகாரி, ஏன் இந்தப் பிரிவு என்பதைத்தான்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், முதல் வேலை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் உங்கள் பொறுப்பில் இருப்பது முப்பது மனிதர்களா, ஒரு கப்பலை இயக்கும் மேடையான பாலமா, ஒரு தொழில்நுட்பக் குழுவா?

இரண்டாவது, வீட்டைப் பிரிந்திருப்பது. எல்லாப் படையிலும் வீட்டைப் பிரிந்துதான் ஆக வேண்டும். பிரியும் விதம்தான் வேறுபடும். ஆறு மாதம் தொடர்ச்சியாகக் காணாமல் போவது ஒன்று, மாதத்தில் பத்து நாள் பயிற்சி மைதானத்தில் கிடப்பது இன்னொன்று.

மூன்றாவது, கட்டுப்பாட்டுக் காலம். பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் வெளியே வரலாம்?

நான்காவது, வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும்?

ஐந்தாவதாகத்தான் தேர்வையும் பயிற்சியையும் வைப்பேன். பெரும்பாலோர் இதை முதலில் வைக்கிறார்கள், அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

சம்பளத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரே தரநிலைக்கு மூன்று படைகளிலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். விமானிக்கும் நீர்மூழ்கிக்காரருக்கும் தனிப்படிகள் உண்டு, அவ்வளவே.

## தரைப்படை: சாண்ட்ஹர்ஸ்ட்

தரைப்படை அதிகாரியின் முதல் வேலை பெரும்பாலும் ஒரு பிளட்டூனையோ அதற்குச் சமமான ட்ரூப்பையோ நடத்துவது. சுமார் முப்பது பேர். அவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்கள். உங்களுக்கு அடுத்த நிலையில் இருக்கும் சார்ஜென்ட் பத்தாண்டுக்கு மேல் படையில் இருந்தவராக இருப்பார். அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட உங்களுக்குத் தெரியாது, ஆனாலும் பொறுப்பு உங்களுடையது. ஒரு சிப்பாயின் கடன் தொல்லை, இன்னொருவரின் குடும்பச் சண்டை, மூன்றாமவரின் முழங்கால் வலி எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். மனிதர்களை நடத்துவதுதான் ஒருவருக்கு உண்மையாகவே பிடித்த வேலை என்றால், இவ்வளவு சிறு வயதில் இவ்வளவு நெருக்கமாக அதைக் கொடுக்கும் இடம் வேறு இல்லை என்பேன்.

பயிற்சி சாண்ட்ஹர்ஸ்டில் சுமார் 44 வாரம், மூன்று பருவங்களாக நடக்கும். ஆண்டுக்கு மூன்று முறை, ஜனவரி, மே, செப்டம்பரில் ஆள் எடுப்பார்கள். சேரும் நாளில் பிள்ளைகள் இஸ்திரிப் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் வரிசையாக நிற்பது அங்கே பழகிப்போன காட்சி. முதல் ஐந்து வாரம் வீட்டுக்கு வர முடியாது. படுக்கை விரிப்பின் மடிப்பு, காலணியின் பளபளப்பு, அலமாரியில் சட்டைகளின் இடைவெளி எல்லாவற்றையும் பயிற்சி தரும் கலர் சார்ஜென்ட் பார்ப்பார். தூக்கம் குறையும். களைப்பிலும் சின்ன விஷயங்களை விடாமல் கவனிக்கிறீர்களா, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கை கொடுக்கிறீர்களா என்பதுதான் அங்கே பார்க்கப்படுவது. நடுப் பருவத்தில் எந்த ரெஜிமெண்டில் சேர்வது என்பதற்குத் தனித் தேர்வு ஒன்று உண்டு.

இந்த ரெஜிமெண்ட் தேர்வைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சாண்ட்ஹர்ஸ்டுக்குள் நுழைந்துவிட்டால் விரும்பிய பிரிவு கிடைத்துவிடும் என்று எண்ணிவிடுகிறார்கள். சில ரெஜிமெண்டுகளுக்குப் போட்டி கடுமை. சிலவற்றில் தனியார் பள்ளி மரபு இன்னும் தெரியும். அங்கே நம் பிள்ளை ஒட்டாமல் நிற்பது போல் உணரலாம். அதனால் சாண்ட்ஹர்ஸ்ட் போகும் முன்பே ஒரு பிரிவோடு நிற்காமல் இரண்டு, மூன்று பிரிவுகளின் அறிமுக நாட்களுக்குப் போய்ப் பாருங்கள். சிக்னல்ஸ், எஞ்சினியர்ஸ், ஆர்.இ.எம்.இ. (வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் பிரிவு), இன்டெலிஜென்ஸ் கோர் போன்றவற்றை, "சண்டை போடுகிற வேலை இல்லையே" என்று ஒதுக்குகிறவர்கள் நல்ல வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள்.

வீட்டைப் பிரியும் விதம்: ஆறு மாத வெளிநாட்டுப் பணி எப்போதாவது வரும். எஸ்டோனியாவில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று 2017 முதல் சுழற்சி முறையில் நிற்கிறது. கென்யா, புரூணை, சைப்ரஸ் என்று பயிற்சிக்கும் போவார்கள். மற்றபடி சாலிஸ்பரி சமவெளியிலும் வேல்ஸ் மலைகளிலும் மழையில் நனைவதுதான் அதிகம்.

கட்டுப்பாட்டுக் காலத்தில் தரைப்படைக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், பெற்ற பிறகு சாதாரணமாக மூன்று ஆண்டு பணி செய்தால் போதும். நான்கைந்து ஆண்டு இருந்துவிட்டு இருபத்தேழு வயதில் வெளியே வருவது அங்கே இயல்பு, யாரும் தவறாக நினைப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் படையில் இருப்பேனா தெரியவில்லை என்பவருக்கு இதுதான் பொருத்தம்.

## கடற்படை: டார்ட்மவுத்

டார்ட் ஆற்றின் மேல் குன்றில் நிற்கும் செங்கல் கட்டடத்தில் 1905 முதல் அதிகாரிகளை உருவாக்கி வருகிறார்கள். பயிற்சி சுமார் 30 வாரம். முதலில் சிப்பாய்ப் பயிற்சி, டார்ட்மூர் வெளியில் கூடாரமும் குளிரும். பிறகு கடல் பயிற்சி, ஆற்றில் படகு ஓட்டி அணியை நடத்துவது. அதன் பிறகு உண்மையான போர்க்கப்பலில் சில வாரம். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் மிக மதிக்கிறேன். வருங்கால அதிகாரிகள் அங்கே மாலுமிகளோடு மாலுமிகளாக, அவர்கள் தூங்கும் அடுக்குப் படுக்கைகளில் தூங்கி, அவர்கள் துடைக்கும் தளத்தைத் துடைத்து, சமையல்கூட வேலையும் பார்ப்பார்கள். பிற்பாடு யாருக்குக் கட்டளை இடப்போகிறார்களோ அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது என்பது உடம்பில் பதிந்துவிடும்.

முதல் வேலை பிரிவைப் பொறுத்தது. போர்முறை அதிகாரியானால், தகுதி பெற்ற பிறகு நள்ளிரவு பன்னிரண்டு முதல் நான்கு மணி வரையிலான மிடில் வாட்ச்சில் பாலத்தில் நிற்பீர்கள். கேப்டன் தூங்குகிறார். கப்பலும் அதில் இருக்கும் இருநூறு பேரும் உங்கள் கண்காணிப்பில். தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். எது நகர்கிறது, எது நிற்கிறது, கேப்டனை எழுப்ப வேண்டுமா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பொறியியல் அதிகாரியானால் எஞ்சின்களும் ஆயுத அமைப்புகளும் உங்கள் துறை. பொறியியல் படித்த பிள்ளைகளுக்கு மூன்று படைகளில் கடற்படையைத்தான் நான் முதலில் சொல்வேன். பழுதாகிவிட்டது என்று கூப்பிட நடுக்கடலில் மெக்கானிக் இல்லை, நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். சார்ட்டர்ட் எஞ்சினியர் தகுதிக்கும் அங்கே நல்ல வழி இருக்கிறது.

விலை என்ன? வீட்டைப் பிரிவதுதான். குயின் எலிசபெத் விமானந்தாங்கிக் கப்பலின் முதல் பெரிய பயணம் 2021 மே மாதம் தொடங்கி டிசம்பரில்தான் முடிந்தது. அந்த ஏழு மாதமும் தங்கை கல்யாணம், பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள், நெருங்கியவர் சாவு எதுவும் உங்களுக்காகக் காத்திராது. நீர்மூழ்கியில் இது இன்னும் கூர்மை. அணு ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கிகளில் ஏதேனும் ஒன்று 1969 முதல் இடைவெளி இல்லாமல் கடலுக்கடியில் ரோந்தில் இருக்கிறது. அதில் போகிறவர்களுக்கு வீட்டிலிருந்து ஒரு சிறு செய்தி மட்டும் அவ்வப்போது வரும். பதில் அனுப்ப முடியாது. கெட்ட செய்தி என்றால் கரைக்கு வரும் வரை சொல்லாமல் வைத்திருக்கவும் கூடும். இதைக் காதலிப்பவரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசாமல் நீர்மூழ்கிப் பிரிவுக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

இன்னொன்று, நீச்சல். கடற்படையில் ஓவரால் உடையோடு நீந்தும் சோதனையைத் தாண்ட வேண்டும். நம் வீடுகளில் நீச்சல் தெரியாத பிள்ளைகள் நிறைய. இது ஒரு கோடைகாலத்தில் தீர்க்கக்கூடிய பிரச்சினைதான், ஆனால் பயிற்சிக்கு முந்திய வாரத்தில் தீராது.

ராயல் மரீன்ஸ் கடற்படையைச் சேர்ந்தது, ஆனால் தனி உலகம். லிம்ப்ஸ்டனில் பயிற்சி ஓராண்டுக்கும் மேல். கடைசிச் சோதனையாக டார்ட்மூரில் முப்பது மைல் தூரத்தைச் சுமையோடு கடக்க வேண்டும். சிப்பாய்களுக்கு எட்டு மணி நேரம், அதிகாரிகளுக்கு ஏழு. உடல்வலு ஏற்கனவே உச்சத்தில் இருப்பவர்கள் மட்டும் இதை யோசியுங்கள். மற்றவர்களுக்கு வயது இருக்கிறது, ஓராண்டு கழித்து வரலாம்.

## விமானப்படை: கிரான்வெல்

தரைப்படையில் அதிகாரி தன் ஆட்களை அழைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறார். கடற்படையில் கப்பல் மொத்தமும் சேர்ந்து போகிறது. விமானப்படையில் சண்டைக்குப் பறப்பவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள், அவர்களைப் பறக்க வைக்கும் பல நூறு பேர் தளத்தில் நிற்கிறார்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் அந்தப் படையின் குணம் பாதி புரிந்துவிடும். அங்கே நிபுணத்துவத்துக்கு மதிப்பு அதிகம். உங்கள் கீழ் வேலை செய்யும் டெக்னீஷியனுக்கு அந்த விமானத்தைப் பற்றி உங்களைவிட நிறையத் தெரிந்திருக்கும், அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளத் தெரிய வேண்டும்.

லிங்கன்ஷையரில் உள்ள கிரான்வெல்லில் அடிப்படை அதிகாரிப் பயிற்சி 24 வாரம், மூன்றில் இதுவே குறுகியது. ஆனால் விமானி ஆக விரும்புகிறவர்களுக்கு அது வெறும் வாசற்படி. பறக்கும் பயிற்சி அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் நீளும். இடையில் இடம் காலியாகும் வரை காத்திருப்பும் உண்டு. தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு ஆண்டுக்குள் முடிய வேண்டிய போர்விமானி பயிற்சி சராசரியாக ஏழு ஆண்டு எடுத்ததாகச் சொன்னது. பயிற்சிக்கு ஆன செலவைப் படை பணியாகத் திரும்பக் கேட்கும், எனவே விமானிகளுக்குக் கட்டுப்பாட்டுக் காலமும் நீளம். வயது வரம்போ மற்றப் பிரிவுகளைவிடக் குறைவு. பறக்கத்தான் வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

விமானப்படையைப் பற்றி என்னிடம் கேட்கும் பிள்ளைகளில் பலர் விமானி ஆகவே கேட்கிறார்கள். கணினி வழித் திறன் சோதனையில் மதிப்பெண் போதவில்லை என்றதும் மனம் உடைந்துவிடுகிறது. உளவுத் தகவல், பொறியியல், வான்வெளிக் கட்டுப்பாடு, லாஜிஸ்டிக்ஸ், சைபர் என்று எத்தனையோ பிரிவுகள் இருக்கின்றன. "விமானி இல்லை என்றாலும் இந்தப் படையில் சேர்வேனா?" என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்பது பதிலானால் பயணிகள் விமானத் துறையையும் சேர்த்து யோசிக்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

குடும்ப வாழ்வுக்கு மூன்றில் விமானப்படைதான் ஓரளவு இணக்கம். பலருடைய வேலை ஒரு தளத்தைச் சுற்றியே இருக்கும். மறுபக்கம், அந்தத் தளம் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் லொஸிமவுத்தாகவும் இருக்கலாம், லண்டனிலிருந்து வார இறுதிக்குப் போய்வர முடியாது. ஃபாக்லாந்து, சைப்ரஸ் போன்ற இடங்களில் சில மாதப் பணியும் முறை வைத்து வரும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தரைப்படை | கடற்படை | விமானப்படை |
|---|---|---|---|
| பயிற்சிக் கல்லூரி | சாண்ட்ஹர்ஸ்ட், சுமார் 44 வாரம் | டார்ட்மவுத், சுமார் 30 வாரம் | கிரான்வெல், 24 வாரம் |
| முதல் பொறுப்பு | சுமார் 30 பேர் கொண்ட பிளட்டூன் | கப்பலில் வாட்ச், அல்லது ஒரு துறை | தொழில்நுட்பக் குழு, அல்லது பறக்கும் பயிற்சி |
| வீட்டைப் பிரிவது | பயிற்சிக்காகச் சிறிது சிறிதாக. எப்போதாவது ஆறு மாதம் | நீண்ட கடற்பயணம். நீர்மூழ்கியில் தொடர்பு மிகக் குறைவு | தளத்தைச் சுற்றி. முறை வைத்துச் சில மாதம் |
| கட்டுப்பாடு | குறைவு | நடுத்தரம் | விமானிக்கு அதிகம். மற்றவர்க்குக் குறைவு |
| கையில் மிஞ்சுவது | ஆட்களை நடத்திய அனுபவம் | பொறியியல், கடல்சார் தகுதி | தொழில்நுட்ப நிபுணத்துவம் |
| கவனிக்காமல் விடுவது | ரெஜிமெண்ட் தேர்வு | நீச்சல், தொடர்பின்மை | விமானி ஆகாவிட்டால் என்ன என்பது |

## மூன்றுக்கும் பொதுவான மறைந்த செலவுகள்

படைச் சம்பளத்துக்குள்ளேயே 14.5 விழுக்காடு, "எக்ஸ்-ஃபேக்டர்" என்ற பெயரில், வாழ்க்கை குலைவதற்கான ஈடாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதாவது இந்த வேலை வீட்டைக் குலைக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டு விலை போட்டிருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும். மனைவிக்கோ கணவருக்கோ ஒரே இடத்தில் நிலைக்க வேண்டிய தொழில் என்றால் அதன் இழப்பை உங்கள் சம்பளக் கணக்கில் கழித்துப் பாருங்கள். படைக் குடும்ப வீடுகளில் ஈரமும் பூஞ்சையும் இருப்பதாக நாடாளுமன்றத்தில் பலமுறை புகார் எழுந்தது. 1996-இல் தனியாருக்கு விற்ற வீடுகளில் 36,000-க்கு மேற்பட்டவற்றை 2025 ஜனவரியில் அரசு திரும்ப வாங்கியது. அவை சீராக இன்னும் காலம் பிடிக்கும்.

அதிகாரிகளுக்கு மெஸ் (அவர்கள் தங்கி உண்ணும் விடுதி) செலவும் உண்டு. மாதச் சந்தா, விருந்துகள், மெஸ் டிரஸ் எனப்படும் விருந்துச் சீருடை. சீருடைக்கு உதவித்தொகை வரும், ஆனால் முதலாண்டில் கையைக் கடிக்கத்தான் செய்யும்.

வரவுப் பக்கம் பெரியது பென்ஷன். 2015 திட்டத்தில் உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு பென்னிகூடப் பிடிப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டுச் சம்பளத்திலும் 47-இல் ஒரு பங்கு ஓய்வூதியமாகச் சேரும். வெளி வேலைகளில் இதற்கு ஈடாக ஒன்றைக் காண்பது கடினம். வீடு வாங்க 25,000 பவுண்டு வரை வட்டியில்லாக் கடனும் கிடைக்கும்.

சாப்பாடு, சாமி பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். களத்தில் கொடுக்கும் உணவுப் பொதிகளில் சைவமும் ஹலாலும் இந்து-சீக்கிய வகையும் உண்டு. இந்து, பௌத்த, முஸ்லிம், சீக்கிய சமயத்தவருக்கான ஆன்மிக வழிகாட்டிகள் 2005 முதல் இருக்கிறார்கள். பெண்களுக்கு 2018 முதல் எல்லாப் பிரிவும் திறந்திருக்கிறது.

## எப்போது போவது

ஏ-லெவல் முடித்ததுமே போகலாம். பதினெட்டு வயதில் சாண்ட்ஹர்ஸ்டில் நுழைபவர்கள் உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலோர் பட்டதாரிகள். பதினெட்டில் போவதை நான் யாருக்குச் சொல்வேன்? பல்கலைக்கழகம் போக மனமே இல்லாமல், வீட்டு வற்புறுத்தலுக்காகக் கடன் வாங்கிப் படிக்கப்போகும் பிள்ளைக்கு. தெளிவான ஆசை, பேச்சில் முதிர்ச்சி, சிறு பொறுப்புகளைச் சுமந்த அனுபவம் மூன்றும் இருந்தால் போங்கள். கட்டணக் கடனும் இல்லை, சில ஆண்டுச் சம்பளமும் முன்னதாகக் கிடைக்கும்.

மற்றவர்களுக்கு, டிகிரியோடு பல்கலைக்கழகப் படைப்பிரிவு. தரைப்படைக்கு யு.ஓ.டி.சி., கடற்படைக்கு யு.ஆர்.என்.யு., விமானப்படைக்கு பல்கலைக்கழக ஏர் ஸ்குவாட்ரன். வாரம் ஒரு மாலை, சில வார இறுதிகள். அதற்குச் சம்பளமும் உண்டு, பிறகு படையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முடிவெடுக்கத் திணறும் ஒருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை. ஈரக் கூடாரத்தில் ஓர் இரவு கழித்தாலே பல கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். உதவித்தொகை வாங்கிக்கொண்டு படிப்பது வேறு விஷயம், அதற்குப் பணிக்கடன் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது வழி ரிசர்வ். மருத்துவமோ வங்கியோ ஐ.டி.யோ, வேலையை விடாமல் அதிகாரி ஆகலாம். தரைப்படையில் எட்டு வாரப் பயிற்சியைப் பகுதி பகுதியாக முடிக்கலாம், அதன் பிறகு பொதுவாக ஆண்டுக்கு 27 நாள். நடைமுறையில் மின்னஞ்சலும் திட்டமிடலும் சேர்ந்து வார நாட்களின் மாலைகளையும் தின்னும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்று பேசிவிட்டுச் சேருங்கள்.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவர்களுக்கு: இந்தியா, இலங்கை உட்படக் காமன்வெல்த் குடிமக்கள் விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டு வதிவிட நிபந்தனை 2018-இல் நீக்கப்பட்டது. ஆனாலும் பாதுகாப்புச் சரிபார்ப்பு காரணமாகச் சில பிரிவுகள் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டுமே. பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை விசாரியுங்கள்.

## வாரியத்துக்குத் தயாராவது

தரைப்படை வாரியம் வில்ட்ஷையரில் வெஸ்ட்பரியில் இருக்கிறது. முதலில் ஒன்றரை நாள் அறிமுகச் சுற்று, பிறகு மூன்றரை நாள் மெயின் போர்டு. விமானப்படைக்கு கிரான்வெல். கடற்படைக்கு அட்மிரால்டி இன்டர்வியூ போர்டு. வடிவங்கள் வேறு, சாரம் ஒன்று: நேர்காணல், திட்டமிடல் பயிற்சி, அணிப் பணி, உடற்தகுதி. இந்தியப் படை அதிகாரித் தேர்வான எஸ்.எஸ்.பி.க்குப் போனவர்களுக்கு இது பழகிய களம். 1942-இல் பிரிட்டனில் உளவியலாளர்கள் சேர்ந்து உருவாக்கிய தேர்வு முறைதான் இரண்டுக்கும் மூலம்.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் பெரும்பாலும் திட்டமிடல் பயிற்சி. நான் கொடுக்கும் கணக்கு ஒன்று. மணி 13:40. ஒருவருக்குக் கால் முறிந்திருக்கிறது. 24 கி.மீ. தள்ளி இருக்கும் துறையிலிருந்து படகு 15:30-க்குப் புறப்படும். வேன் 5 கி.மீ. தள்ளி ஒரு கிராமத்தில் நிற்கிறது, மணிக்கு 40 கி.மீ. போகும். உங்களில் ஒருவர் மணிக்கு 10 கி.மீ. ஓடுவார்.

ஓட முப்பது நிமிடம். வேன் திரும்பி வர ஏழரை. துறைக்குப் போக முப்பத்தாறு. மொத்தம் எழுபத்து மூன்றரை நிமிடம், 14:54-க்குள் துறையில் இருப்பீர்கள். இதுவரை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். அடுத்து நான் கேட்பேன்: "பாதி வழியில் டயர் வெடித்தது. எவ்வளவு நேரம் கைவசம்?" அங்கேதான் முகம் மாறும். மீதி 12 கி.மீ.க்குப் பதினெட்டு நிமிடம் வேண்டும், ஆக டயர் மாற்ற முப்பத்தாறு நிமிடம் இருக்கிறது. தாராளம். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு நடப்பது தேவையில்லாத பதற்றம். வாரியத்தில் அதிகாரி எதிரில் உட்கார்ந்து இப்படித்தான் அடுக்கடுக்காகக் கேட்பார். கணக்கு பிசகினால்கூட "மன்னிக்கவும், திருத்துகிறேன்" என்று நிதானமாகச் சரிசெய்தால் பாதகமில்லை. பிழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாதாடினால்தான் ஆபத்து. தினம் பத்து நிமிடம், கால்குலேட்டர் இல்லாமல், தூரம், வேகம், நேரம்.

இன்னொரு பலவீனத்தை அன்போடு சொல்கிறேன். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்திருக்கிறோம். குழு விவாதத்தில் அந்தப் பிள்ளை அமைதியாக இருந்துவிடுகிறது. அங்கே அமைதிக்கு மதிப்பெண் இல்லை. உரத்துப் பேச வேண்டாம், ஆனால் தெளிவாக ஒரு கருத்தைச் சொல்லுங்கள். வாய் திறக்காத இன்னொருவரை "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று உள்ளே இழுங்கள். கராத்தே வகுப்பில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, தமிழ்ப் பள்ளி விழாவை நடத்தியது, அப்பாவின் கடையைச் சனிக்கிழமைகளில் பார்த்துக்கொண்டது எல்லாம் தலைமைக்கான சான்றுகள். ரக்பி அணித் தலைவராக இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், அதனால் என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

## வீட்டில் பேசுவது

ஈழத்திலிருந்து போரைத் தாண்டி வந்த பெற்றோருக்குச் சீருடை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தப் பயத்தைப் "பழைய காலம்" என்று தள்ளாதீர்கள். அவர்கள் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை. எந்தப் படை, என்ன வேலை, எத்தனை ஆண்டு, எங்கே இருப்பீர்கள், எந்தப் போருக்கு அனுப்பப்படலாம், அதைப் பற்றி உங்கள் மனச்சாட்சி என்ன சொல்கிறது என்பதை உட்கார்ந்து பேசுங்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்களைப் பற்றிக் கருத்தில்லாமல் போகாதீர்கள். ஓர் உத்தரவு உங்களுக்கு உடன்பாடில்லாததாக இருக்கும் நாள் வரலாம். அம்மா கேட்கும் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தவர் வாரியத்தின் கேள்விகளுக்கும் சொல்லிவிடுவார்.

எல்லாம் பேசி முடிவாகிவிட்டால், விண்ணப்பத்துக்கு முன் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் உங்கள் மருத்துவப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சிறு வயது ஆஸ்துமா, இன்ஹேலர், கடலை ஒவ்வாமை, பழைய எலும்பு முறிவு எதுவானாலும் அதில் இருக்கும். விமானி ஆக நினைப்பவர்கள் நிறப் பார்வையையும் சோதித்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் ஓடிப் பயிற்சி எடுத்த பிறகு, மறந்துபோன ஒரு மருந்துச் சீட்டால் விண்ணப்பம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிவைப் படித்துவிட்டு எந்தப் படை, எந்தப் பிரிவு என்ற பெட்டியை நிரப்புங்கள்.